எட்டுப் போல் மோட்டாரும் சவுதி கடிகாரமும்

ஃபாயிஸ் என்கிற பெயரை நான் முதலில் கேட்டது எங்கள் கிணற்று மோட்டார் புகைந்து நின்றுபோன வருஷம். அப்போது நாங்கள் மங்கலம்பேட்டையில் இருந்தோம். என் வீட்டுக்காரர் மோட்டாரைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, தள்ளிக்கொண்டே போய் அப்துல் குத்தூஸ் கடையில் போட்டுவிட்டு வந்தார். குத்தூஸ் எனக்கு அந்நியர் இல்லை. என் மாமியாருடைய தம்பிக்குப் பெண் கொடுத்த வீட்டில் மூத்தவர், எனக்கு அண்ணன் முறை. எரிந்த மோட்டாரில் செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். மோட்டார் திரும்பி வந்தது. சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் தொட்டிக்கு வெளியே போய் விழுந்தது. குத்தூஸ் அண்ணன் கை கைதான் என்றேன்.

“அவரு சுத்தல. அவரு மவன் ஃபாயிஸ் சுத்துனது. முடிச்சிட்டு மோட்டாரு மேல காத வச்சிக் கேக்கறான். பாட்டு சரியா வருது, எடுத்துட்டுப் போங்க மாமாங்கறான்” என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த மோட்டார் கிணறு வற்றிப்போகும் வரைக்கும் ஓடியது. மோட்டார் தோற்கவில்லை, கிணறுதான் தோற்றது.

எனக்குப் பிள்ளை இல்லை. என் தங்கை மவுத்தான பிறகு அவள் மகள் ஷிபானாவை நான்தான் வளர்த்தேன். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஆளாளுக்கு ஒரு வரன் சொன்னார்கள். ஒருவனுக்குக் கடை இருந்தது, ஒருவனுக்கு மாடி வீடு இருந்தது. கடைசியாக ஒருவர் குத்தூஸ் மகன் பெயரைச் சொல்லி, பெரிய சொத்து ஒன்றும் இல்லை என்று இழுத்தார். நான் ஒன்றுதான் கேட்டேன். மோட்டார் மேல் காது வைக்கிற ஃபாயிஸா என்று. ஆமாம் என்றார். இரும்பு சொல்வதையே காது கொடுத்துக் கேட்கிறவன் பெண்டாட்டி சொல்வதைக் கேட்கமாட்டானா என்று பேசி முடித்தேன். முறைக்கு மருமகன்; மரியாதையாகத்தான் எழுத வேண்டும். ஆனால் வாயில் வருவதென்னவோ அவன் இவன்தான். அவனும் அதற்கு முகம் சுளித்ததில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு குத்தூஸ் அண்ணன் மவுத்தாகிவிட்டார். கடை வாடகைக் கடை, உரிமையாளர் திருப்பிக் கேட்டார். ஃபாயிஸ் சவுதிக்குப் போனான். தம்மாமில் ஒரு பெரிய மோட்டார் பட்டறையில் வேலை. மஹிரா பிறந்ததை போனில் கேட்டான். அவள் பள்ளிக்கூடத்துக்காக நாங்கள் விருத்தாசலத்துக்கு வீடு மாற்றி வந்ததையும் போனில் கேட்டான். ஷிபானா பேசி முடித்ததும் என்னைக் கூப்பிடுவான். உடம்பு எப்படி என்று ஒரு வார்த்தை. அப்புறம், “பெரியம்மா, போனை ஃபேனு கிட்ட வையுங்க” என்பான். வைப்பேன். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, பேரிங் தேய்ந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள் என்பான். கடைக்காரர் கழற்றிப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும். ஃப்ரிட்ஜுக்கும் இதே வைத்தியம், மிக்ஸிக்கும் இதே வைத்தியம்.

அவன் காதுக்கு எட்டாதது எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அதற்குச் சத்தம் கிடையாது.

முதல் லீவில் வந்தபோது ஒரு கடிகாரம் கொண்டுவந்தான். பிளக்கில் செருகினால் கருப்புக் கண்ணாடிக்குள் சிவப்பாக மணி தெரியும். பெட்டியில் போட்டால் உடைந்துவிடும் என்று விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னான். அவன் இருந்தவரைக்கும் வீடு நிறைய ஆள் வருவதும் போவதுமாக இருந்ததில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவன் போன பிறகுதான் பார்த்தோம். மதியம் லுஹர் பாங்குக்குச் சரியாக வைத்தால் சாயங்காலம் அஸர் பாங்குக்கு அது பின்தங்கிப் போயிருக்கும். ராத்திரி இஷாவுக்குள் நாம் ஒரு நேரத்தில் இருப்போம், அது ஒரு நேரத்தில் இருக்கும். கடைத்தெருவில் காட்டினோம். பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றும் கெடவில்லையே என்று மூடிக் கொடுத்துவிட்டார்கள்.

ஷிபானா அவனிடம் சொல்ல வேண்டாம் என்றாள். மடியில் வைத்துக்கொண்டு வந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது. அதனால் மற்ற நாளில் அது பீரோ மேல் துணி மூடிக் கிடக்கும். அவன் லீவில் வருகிறான் என்றால் கூடத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு பாங்கு சொல்லும்போதும், நடுநடுவிலும், மஹிரா அந்தப் பக்கம் நடந்துபோகிற மாதிரி போய் பொத்தானை அமுக்கி மணியை முன்னால் தள்ளிவிடுவாள். அவன் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்து, எவ்வளவு வருஷமாக ஓடுகிறது பார் என்று சந்தோஷப்படுவான். ஷிபானா குழம்பை ஊற்றுகிற சாக்கில் குனிந்துகொள்வாள்.

போன வருஷம் லீவில் வந்தான். மங்கலம்பேட்டையில் லீவில் வந்தவனைப் பார்த்தால் முதலில், “எப்ப வந்தீங்க?” என்பார்கள். அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள், “எப்ப போறீங்க?” என்பார்கள். வேண்டுமென்று கேட்பதில்லை, வாய்ப் பழக்கம். அந்த முறை கதவைத் திறந்த மஹிரா, உயரத்தில் அவள் அம்மாவைத் தாண்டி வளர்ந்துவிட்டவள், பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, “எப்ப அத்தா போறீங்க?” என்றாள். எப்ப வந்தீங்க என்பதைக்கூட விட்டுவிட்டாள். அவன் சிரித்தான். ஷிபானா சிரிக்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டின்போது அவள் பேச்சை எடுத்தாள். சத்தம் போடவில்லை. இந்தத் தடவை போக வேண்டாம் என்றாள். இங்கே என்னை யாருக்குத் தெரியும், பேர் இல்லாதவன் கடை திறந்தால் யார் மோட்டாரைக் கொண்டுவந்து போடுவார்கள் என்றான் அவன். அத்தா கடை இருந்திருந்தால் வேறு என்றான்.

“ஒரு வேலை செஞ்சு பாருங்க. நல்லா வந்துச்சுன்னா இருங்க. வரலைன்னா நான் தடுக்க மாட்டேன், நானே பெட்டி கட்டித் தரேன்” என்றாள் ஷிபானா.

அவன் சரி என்றான். அவளுக்கு இதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு குழந்தை நடை பழகுகிற காலம்கூட வராது.

வேலை ஒன்று என் கைவசம் இருந்தது. நான் செராமிக் தொழிற்பேட்டையில் வேல்விழியின் பட்டறையில் அகல் துடைக்கிறவள். அச்சிலிருந்து எடுத்த பீங்கான் அகலின் ஓரப் பிசிறை ஈரத்துணியால் வழித்து வழவழப்பாக்குவது என் வேலை. வேல்விழி புருஷன் போன பிறகு பட்டறையைத் தானே ஏற்று நடத்துகிறவள். வாய் கொஞ்சம் கூர்மை, மனசு அப்படி இல்லை. அங்கே பால்மில் என்று சொல்கிற அரவை உருளை ஒன்று உண்டு. ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு இரும்புப் பீப்பாய். உள்ளே கூழாங்கற்களைப் போட்டு, வெள்ளைக்கல் பொடியும் தண்ணீரும் ஊற்றி மூடிச் சுற்றவிடுவார்கள். கற்கள் சுவரோடு மேலே ஏறி, பொத்துப் பொத்தென்று விழுந்து, பொடியை நைசாக அரைத்துப் பால் மாதிரி ஆக்கும். அந்தப் பாலில் அகலை முக்கிச் சூளையில் வைத்தால் கண்ணாடி மாதிரி மினுக்கும். கார்த்திகைக்கு அகல் அனுப்ப வேண்டிய நேரத்தில் உருளையின் மோட்டார் எரிந்துவிட்டது. சரி பண்ண வந்த யாரோ ஒருவர் பழைய கம்பியையெல்லாம் பிடுங்கி எடுத்துவிட்டு, வீட்டில் ஏதோ காரியம் என்று ஊருக்குப் போனவர் வரவில்லை. மோட்டார் வெறும் கூடாகக் கிடந்தது. எழுத்துப் பொறித்த தகடும் எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. எங்கள் மருமகன் சவுதியில் இதே வேலைதான் பார்க்கிறான் என்றேன். கூட்டி வாங்க சாதிகாம்மா என்றாள்.

ஃபாயிஸ் வந்து கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பழைய கம்பி இருந்திருந்தால் எண்ணிப் பார்த்து அதே மாதிரி சுற்றிவிடலாம். இல்லாததால், உருளைக்கு முன்னால் இந்த மோட்டார் என்ன வேகத்தில் ஓடியது என்று தெரிய வேண்டும் என்றான். வேல்விழிக்குத் தெரியவில்லை. உருளையைப் பார்த்துக்கொள்கிற கொளஞ்சிநாதனைக் கூப்பிட்டாள்.

கொளஞ்சிநாதனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு அந்த உருளைச் சத்தம் இருந்தால் தூக்கம் வந்துவிடும். உருளை ஓடுகிறவரை சுவரில் சாய்ந்து தூங்குவார், நின்ற நிமிஷம் விழித்துக்கொள்வார். தூங்குவதற்குச் சம்பளம் கொடுக்கிற ஒரே முதலாளி நான்தான் என்று வேல்விழி சொல்லிக் காட்டுவாள். ஆனால் அவர் இருக்கிறவரை உருளை நின்றது தெரியாமல் போனதே இல்லை.

“ஆயிரத்துக்கு உள்ளதான் பாய்” என்றார் அவர். “மோட்டார மாட்டுனவரு சொன்னது நல்லா ஞாபகம் இருக்குது. நிமிஷத்துக்கு ஆயிரம் சுத்தத் தாண்டாதுன்னாரு.”

“அப்ப எட்டுப் போலு” என்றான் ஃபாயிஸ். யோசிக்கவே இல்லை. தம் வீட்டு வாசல்படியை யாராவது யோசித்துக்கொண்டா தாண்டுவார்கள், அந்த மாதிரி சொன்னான்.

மோட்டாரை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து, பின்பக்கக் கொட்டகையில் வைத்து வேலை செய்தான். குத்தூஸ் அண்ணன் கம்பி சுற்றுகிற மரச் சட்டத்தை நாங்கள் பரண் மேல் பத்திரமாக வைத்திருந்தோம். அதைத் துடைத்து எடுத்தான். ஷிபானா கம்பிக்குக் கீழே வைக்கிற தடித்த காகிதத்தை அளவாகக் கத்தரித்துக் கொடுத்தாள். நான் வெற்றிலையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். போல் போல் என்கிறாயே, அது என்ன என்று கேட்டேன். கம்பிக்குப் பின்னால் முகம் தெரியாமலே சொன்னான்.

மோட்டார் கூட்டுக்குள் வட்டமாகக் கம்பிக் கட்டுகள். கரண்டு போனால் அவை காந்தமாகிவிடும். ஒவ்வொரு காந்த முனையும் ஒரு போல். நடுவில் இருக்கிற உருளை ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு இழுபட்டு இழுபட்டுச் சுற்றுகிறது. “பஸ்ஸு மாதிரி பெரியம்மா. ரெண்டு போலுன்னா எக்ஸ்பிரஸ்ஸு. நிறுத்தம் கம்மி, பறக்கும். எட்டுப் போலுன்னா டவுன் பஸ்ஸு. நின்னு நின்னுதான் போவும். ஆனா எவ்ளோ கூட்டம் ஏறினாலும் இழுக்கும்.”

போல் கூடக் கூட வேகம் குறையும், இழுவை கூடும். அதே குதிரைச் சக்திக்கு எட்டுப் போல் வேண்டும் என்றால் மோட்டார் உடம்பும் பெருத்திருக்க வேண்டும். இந்தக் கூடு எட்டுப் போலுக்குக் கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறதே என்று அவனே ஒருமுறை முணுமுணுத்தான். ஆனாலும், ஆறு போல் என்றால் ஆயிரத்து நூறுக்கு மேல் ஓடும், எட்டு என்றால்தான் ஆயிரத்துக்குள் வரும், கணக்கு சரி என்று அவனே சமாதானமும் சொல்லிக்கொண்டான். வார்னிஷ் பூசி வெயிலில் காயவைத்தான். தெரு முழுக்க அந்த வாசனை. பக்கத்து வீட்டு அம்மாள் என்ன சமையல் என்று கேட்டாள்.

மோட்டாரை மாட்டி சுவிட்சைப் போட்ட அன்று வேல்விழி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். உருளை சுற்றியது. ஃபாயிஸ் மோட்டார் மேல் ஸ்குரூடிரைவரை வைத்து, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்டான். பாட்டு சரியாக வருகிறது என்றான். மோட்டார் பாட்டு சரியாகத்தான் இருந்தது. உருளையின் பாட்டை அவன் அதற்கு முன்னால் கேட்டதில்லையே.

“எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது” என்றார் கொளஞ்சிநாதன். எல்லோரும் சிரித்தோம். இனிமேல் விழித்துக்கொண்டு வேலை பாருங்கள் அண்ணே என்றாள் வேல்விழி. அவர் மட்டும் சிரிக்காமல், “கல்லு விழல. சும்மா உருளுது” என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் மூடியைத் திறந்தார்கள். வேல்விழி விரலில் தொட்டுக் கட்டைவிரல் நகத்தின் மேல் தேய்த்துப் பார்ப்பாள், அதுதான் அவளுடைய சோதனை. நகத்தில் நறநறவென்றது. இன்னும் ஒரு நாள் ஓடவிட்டார்கள். அப்போதும் நறநறப்பு. அதில் முக்கிச் சூளையில் வைத்துப் பார்த்த நாலு அகலும் உப்புக்காகிதம் மாதிரி சொரசொரவென்று வந்தன.

ஃபாயிஸ் சவுதியிலிருந்து கொண்டுவந்த வேகம் பார்க்கிற கருவியை வைத்துப் பார்த்தான். எட்டுப் போல் எண்ணூற்று ஐம்பதுக்கு மேல் ஓட வேண்டும், இது எழுநூறைத் தாண்டிக் கொஞ்சம்தான் காட்டுகிறது என்றான். கரண்டு குறைவோ என்று பார்த்தான், சரியாக இருந்தது. பேரிங்கைக் கழற்றினான், புதுசு மாதிரி இருந்தது. பெல்ட் வழுக்குகிறதா என்று பார்த்தான். கடைசியில் தன் கையைச் சந்தேகப்பட்டு, மோட்டாரைத் திறந்து ஒவ்வொரு கட்டாக எண்ணினான். ஒரு பிழை இல்லை. பிழை இருந்திருந்தால்கூட அவன் முகம் அவ்வளவு செத்திருக்காது.

வேல்விழி திட்டவில்லை. “பாய், உங்க மேல எனக்குக் கோவமில்ல. ஆனா கார்த்திகை நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. நீங்க இத எடுத்துட்டுப் போங்க, நான் வேற பாத்துக்கறேன்” என்றாள். பக்கத்துப் பட்டறையில் இதே குதிரைச் சக்தியில் சும்மா கிடந்த ஒரு மோட்டாரை இரவலாகக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள். அவள் தொழில், அவள் அப்படித்தான் செய்ய வேண்டும். ஃபாயிஸ் தான் சுற்றிய மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். அதைக் கொட்டகையில் இறக்கிவிட்டு, கை கழுவிக்கொண்டே, “ஷிபானா, பெட்டிய எடு” என்றான்.

அவள் எடுத்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். மறுநாள் காலையிலிருந்து கட்ட ஆரம்பித்தாள். மிளகாய்த் தூளைப் பொட்டலம் கட்டி அதன் மேல் இன்னொரு உறை போட்டாள். எலுமிச்சை ஊறுகாய், மடித்த கைலிகள், முறுக்கு. நான் ஒரு மூலையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தேன். மஹிராவுக்குப் பள்ளிக்கூட விடுமுறை, கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். லுஹர் பாங்கு சொன்னபோது கடிகாரத்தைச் சரி பண்ணினாள், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

அஸர் பாங்கு சொன்னது. பெட்டியின் மேல் உட்கார்ந்து மூடியை அமுக்கிக்கொண்டிருந்த ஃபாயிஸ் பழக்கத்தில் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான். கையில் இருந்த போனைப் பார்த்தான். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான்.

“என்னா, இது அரை மணி பின்னாடி இருக்குது?”

மஹிரா ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கப் பார்த்தாள். ஷிபானா, வேண்டாம் விடு என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் குனிந்துகொண்டிருந்தவள் அன்றைக்கு நிமிர்ந்தாள்.

“அது எப்பவுமே அப்பிடித்தான். நீங்க கொண்டாந்த நாள்லேர்ந்து அப்பிடித்தான். நீங்க இருக்கும்போது உங்க மவ தள்ளித் தள்ளி வைக்கிறா. சவுதிலேர்ந்து வர்றதெல்லாம் இங்க வந்தா மெதுவாத்தான் ஓடும்போல இருக்குது. கடிகாரம், மோட்டாரு, நீங்க.”

குத்தலாகச் சொன்னாள். குத்தியிருக்கும் என்று நானும் நினைத்தேன். ஆனால் அவன் பெட்டி மேலிருந்து எழுந்தான். கடிகாரத்தைத் திருப்பி, அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்தான். ஒரு மணிக்கு எவ்வளவு பிந்தும் என்று கேட்டான். பத்து நிமிஷம் என்று மஹிரா சொன்னாள். அவளுக்குத்தான் அது மனப்பாடமாயிற்றே.

“அறுபதுக்குப் பத்து” என்றான் அவன். “அங்க கரண்டு செகண்டுக்கு அறுபது தடவ துடிக்கும். இங்க அம்பதுதான்.”

எனக்குப் புரிகிற மாதிரி பிறகு சொன்னான். நிறுத்தம் அதே எட்டுத்தான். ஆனால் அந்த ஊர் டிரைவர் வேகமாக ஓட்டுவார், நம் ஊர் டிரைவர் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவார். அங்கே எட்டுப் போல்தான் ஆயிரத்துக்குச் சற்று உள்ளே வரும். இங்கே ஆறு போலே ஆயிரத்துக்குள் வந்துவிடும். கொளஞ்சிநாதன் சொன்னது உண்மை, அவன் போட்ட கணக்கும் உண்மை. கணக்கு மட்டும் தம்மாம் கணக்கு. சவுதிக்குப் போகும் முன்னால், அத்தா கடையில், பழைய கம்பியை எண்ணி அதே மாதிரி சுற்றித்தான் பழக்கம். வேகத்தைப் பற்றி அங்கே யாரும் பேசினதில்லை. வேகக் கணக்கு முழுக்க அவன் கைக்கு வந்தது அந்த நாட்டில்தான்.

“மோட்டார நான் தப்பா சுத்தல பெரியம்மா. எந்த ஊர்ல இருக்கேங்கறதைத்தான் மறந்துட்டேன்” என்றான். பிறகு ஷிபானாவைப் பார்த்து, இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

“மடியில வச்சு எடுத்தாந்தீங்களேன்னு” என்றாள். தூள் பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைப்பதா வெளியே வைப்பதா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

தொழுதுவிட்டு வந்து வேல்விழியிடம் போகலாம் என்று அவன் செருப்பைப் போடும்போதே வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கொளஞ்சிநாதன்.

“சாதிகாம்மா, உருளை ஊமையாயிடுச்சு.”

இரவல் மோட்டாரை மாட்டியதும் உருளை பறந்ததாம். வேல்விழிக்குப் பரம சந்தோஷம். வேகமும் கூடிவிட்டது, சத்தமும் இல்லை, இதுதான் மோட்டார் என்றாளாம். கொளஞ்சிநாதனோ சத்தம் இல்லாததால் கரண்டு போய்விட்டது என்று நினைத்து எழுந்து எழுந்து சுவிட்சைப் பார்த்திருக்கிறார். உருளை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சற்று முன்னால் திறந்தால் போட்ட பொடி போட்டபடி இருந்ததாம். கற்களெல்லாம் சுவரில் அப்பிக்கொண்டு கிடந்தனவாம்.

ஃபாயிஸ் முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்த மோட்டார் நாலு போலாகத்தான் இருக்கும் என்றான். நாங்கள் மூன்று பேரும் பட்டறைக்குப் போனோம். அவன் முதலில் தன் தப்பைச் சொன்னான், ஒன்றையும் மறைக்கவில்லை. பிறகு பட்டறையில் இருந்த டீ தூக்கை எடுத்து, டீயோடு தலைக்கு மேலே வீசிச் சுற்றினான். ஒரு சொட்டு சிந்தவில்லை. வேகம் அதிகமானால் கல்லும் இப்படித்தான் சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றும், விழாது, விழாவிட்டால் அரைக்காது என்றான். வேல்விழி தூக்கை வாங்கி டீ இருக்கிறதா என்று உள்ளே பார்த்துக்கொண்டாள்.

“நீங்க கல்ல தூங்க வச்சீங்க, நான் கல்ல பறக்க வுட்டேன். ரெண்டு பேரும் சரியாப் போச்சு பாய். இப்ப எனக்கு அரைக்கற மோட்டாரு வேணும்” என்றாள்.

கொளஞ்சிநாதன் ஒரு யோசனை சொன்னார். எட்டுப் போல் மோட்டாரையே திரும்ப மாட்டி, மோட்டார் பக்கத்துப் பெல்ட் சக்கரத்தைப் பெரிதாகப் போட்டால் வேகம் கூடிவிடாதா என்றார். கூடும், ஆனால் இந்தச் சின்ன உடம்பில் எட்டுப் போலுக்கு அவ்வளவு தெம்பு இல்லை, இந்தப் பாரத்தை அந்த வேகத்தில் இழுத்தால் சூடேறி மறுபடி எரியும் என்றான் ஃபாயிஸ். இந்த உடம்பு ஆறு போலுக்கென்று பிறந்த உடம்பு. முன்னமே கூடு சொன்னது, நான்தான் கேட்கவில்லை என்றான்.

தான் சுற்றியதைத் தானே பிரிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவன் பாட்டுப் பாடிக்கொண்டு பிரித்தான். ஷிபானா மறுபடியும் காகிதம் கத்தரித்தாள். கட்டின பெட்டி கூடத்தில் அப்படியே இருந்தது. அதைத் தாண்டித் தாண்டித்தான் எல்லோரும் நடந்தோம். யாரும் நகர்த்தச் சொல்லவில்லை.

மோட்டாரை மாட்டிய அன்று ஷிபானாவும் பட்டறைக்கு வந்தாள். அதுவரை அவள் அங்கே வந்ததில்லை. புர்காவின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். சுவிட்சைப் போட்டார்கள். உருளை மெல்லப் புறப்பட்டு வேகம் பிடித்தது. பொத்துப் பொத்தென்று கற்கள் விழுகிற சத்தம், தகரக் கூரையில் நின்று பெய்கிற மழை மாதிரி. நான் வருஷக்கணக்காகக் கேட்ட சத்தம் அது. ஃபாயிஸ் இந்த முறை மோட்டார் மேல் காது வைக்கவில்லை. உருளையின் பக்கம் திரும்பி நின்று கேட்டான்.

மூடியைத் திறந்து நகத்தில் தேய்த்துப் பார்க்க மறுநாள் ஆகும். ஆனால் வேல்விழி அதுவரை காத்திருக்கவில்லை. சுவர் ஓரமாகத் திரும்பிப் பார்த்தாள். கொளஞ்சிநாதன் காலை நீட்டி, வாயைத் திறந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“நகமெல்லாம் வேணாம். மோட்டாரு சரியா இருக்குது” என்றாள்.

ஷிபானா அப்போதே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நான் பின்னால் போவதற்குள் பெட்டியைத் திறந்து, கைலிகளைக் கொடியில் போட்டுவிட்டாள். ஊறுகாயை அன்றைக்கே பரிமாறினாள். கார்த்திகைக்கு அகல் போய்ச் சேர்ந்தது. வேல்விழி வாயால் நாலு பட்டறைக்குப் பேர் போய்ச் சேர்ந்தது. அவள் யாரையும் சும்மா புகழ்கிறவள் இல்லை, தப்பையும் சேர்த்தே சொன்னாள். தன் தப்பை ஒளிக்காத ஆள் என்றுதான் பாதிப் பேர் வந்தார்கள். லீவு முடிகிற தேதி வந்தது. அன்றைக்கு மஹிரா, அத்தா, நாளைக்கு என்ன டிபன் வேண்டும் என்று கேட்டாள். சொன்னான்.

கடிகாரத்தை அவன் திருத்தவில்லை. புதிதாகத் திறந்த கடையில் தன் தலைக்கு நேரே மாட்டியிருக்கிறான். மணி தப்பாக இருக்கிறதே பாய் என்று யாராவது சொன்னால், தெரியும் என்கிறான். மோட்டார் கொண்டுவருகிறவர்களிடம் வேகத்தைக் கேட்டதும் ஒரு தடவை அதை நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறான். அப்புறம்தான் எத்தனை போல் என்று சொல்கிறான்.

ஃபாயிஸ் இப்போது விருத்தாசலத்தில், ஜங்ஷன் போகிற ரோட்டில், அவன் அத்தா பேரில் மோட்டார் கடை வைத்திருக்கிறான். இந்த நேரத்துக்குக் கடையில்தான் இருக்கிறான். அஸர் தொழுதுவிட்டு டீக்கு வீட்டுக்கு வருவான்.